மலை இறக்கத்தில் கார்பன் ரிம்: பிரேக் கோளாறும் சரியான கட்டையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவையிலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் சைக்கிளில் ஏறி வருகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களில் பலருடைய வண்டியில் கார்பன் வீல். டிஸ்க் பிரேக்குக்கு மாறுகிறவர்கள் பழைய ரிம் பிரேக் கார்பன் வீலை விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு வீல் மட்டும் வருகிறது. அதற்கென்று கொடுக்கப்பட்ட பிரேக் கட்டையும் கையேடும் வருவதில்லை. ஏறும்போது ஒரு குறையும் தெரியாது. இறங்கும்போதுதான் பர்லியாரிலிருந்து போன் வரும்: "அண்ணா, பிரேக் சரியா பிடிக்கலை, ஒரு மாதிரி நாத்தம் வருது."

அந்த மாதிரி போன்களுக்குச் சொல்கிற பதில்களைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிக்கிற காரணம் கடைசியில். டிஸ்க் பிரேக் வண்டிக்கு இது எதுவும் பொருந்தாது. அதில் ரிம்மைக் கட்டை தொடுவதே இல்லை.

குன்னூரிலிருந்து கல்லாறு வரை 1,300 மீட்டருக்கு மேல் இறக்கம். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கினால் 43. சமவெளியில் பல மாதம் ஒளிந்திருக்கிற கோளாறு இங்கே ஒரே இறக்கத்தில் வெளியே வந்துவிடும். அதனால் சந்தேகம் வந்தால் கட்டையைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள். ரிம் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியது

வீலைக் கழற்றி, கட்டையின் முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் மின்னினால் அது அலுமினியத் துகள். அதாவது அந்தக் கட்டை முன்பு அலாய் (அலுமினிய) ரிம்மில் ஓடியிருக்கிறது. அதோடு ஒரு மீட்டர்கூடக் கார்பன் வீலை ஓட்டாதீர்கள்.

அடுத்து, கட்டை உரசும் பட்டையில் விரலை வைத்து ரிம்மை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு பக்கமும். எங்காவது மேடு, பள்ளம், பிசுபிசுப்பு தட்டுகிறதா? மேடு தட்டினால் மற்ற அறிகுறிகளை விட்டுவிட்டு "எரிந்த நாற்றம்" என்ற பகுதிக்குப் போங்கள்.

மூன்றாவது, கட்டையின் பின்புறம் எழுதியிருப்பதைப் படியுங்கள். நிறத்தை நம்பக் கூடாது. ரெனால்ட்ஸின் கிரையோ புளூ கட்டை நீலம், அது கார்பனுக்கு. ஸ்விஸ்ஸ்டாப்பின் பிஎக்ஸ்பி கட்டையும் நீலம், அது அலுமினியத்துக்கு. நீலமாக இருக்கிறதே என்று மாற்றி மாட்டினால் ரிம் போய்விடும்.

## அறிகுறி 1: காய்ந்த சாலையிலேயே பிரேக் மந்தமாக இருக்கிறது

### லீவர் ஹாண்டில் பார் வரை வந்துவிடுகிறது என்றால்

கட்டையில் கோளாறு இல்லை. வீல் மாற்றும்போது பிரேக் காலிப்பரின் (கட்டைகளை ரிம்மின் மேல் அழுத்துகிற கிடுக்கி) பக்கத்திலுள்ள சின்ன நெம்புகோலைத் திறந்துவிட்டு மூட மறந்திருப்பீர்கள். இதுதான் அதிகம் நடக்கிற காரணம். மூடியிருந்தால், அலாய் வீலிலிருந்து அகலம் குறைந்த கார்பன் வீலுக்கு மாறியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ரிம் அகலம் மாறினால் ஒயரை மறுபடி சரிசெய்ய வேண்டும். காலிப்பரில் ஒயர் நுழைகிற இடத்திலுள்ள திருகைக் கையால் வெளிப்பக்கம் திருகினால் போதும். அதற்கும் அடங்காவிட்டால் ஒயர் போல்ட்டைத் தளர்த்தி இழுத்து இறுக்குங்கள்.

### லீவர் கனமாக இருக்கிறது, விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது என்றால்

ஒயர் துருப்பிடித்திருக்கிறது. நம் நீலகிரி மூடுபனியில் இது சாதாரணம். ஹாண்டில் டேப்புக்கு அடியில் அவுட்டர் (ஒயரின் வெளி உறை) வளைகிற இடத்தில்தான் முதலில் துரு ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இன்னர் (உள்ளே ஓடும் கம்பி), அவுட்டர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இன்னரை மட்டும் மாற்றினால் பழைய அவுட்டரின் துரு புதுக் கம்பியைக் கடித்துவிடும்.

### லீவர் கெட்டியாக இருக்கிறது, ஆனாலும் வண்டி நிற்கவில்லை என்றால்

இப்போதுதான் கட்டைக்கு வருகிறோம்.

கட்டை புதிது என்றால் அது இன்னும் ரிம்மோடு பழகவில்லை. நடுத்தர வேகத்தில் போய், முழுதாக நிறுத்தாமல் மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். மறுபடி வேகம் எடுங்கள், மறுபடி குறையுங்கள். பத்துப் பதினைந்து தடவை போதும். இதை மேட்டுப்பாளையம் - காரமடை சமவெளியிலோ வெலிங்டன் பக்கத்துச் சின்ன மேடுகளிலோ செய்யுங்கள். புதுக் கட்டையின் முதல் இறக்கம் கல்லட்டியாக இருக்கவே கூடாது.

கட்டை பழசு, முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது என்றால் சூட்டில் மேல்தோல் இறுகிவிட்டது. கழற்றி, தட்டையான இடத்தில் உப்புத்தாளை விரித்து, கட்டையை அதன் மேல் வைத்து மங்கலாகும் வரை தேயுங்கள். தேய்ப்பது கட்டையை மட்டும்தான். கார்பன் ரிம்மின் மேல் உப்புத்தாள் படவே கூடாது. நாரையும் பிசினையும் அது அறுத்துவிடும். ரிம்முக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பருத்தித் துணி போதும். அதைத் துடைத்த பிறகு விரலால் தொடாதீர்கள்.

துடைத்தும் தேய்த்தும் பிடிக்கவில்லை என்றால், கட்டையின் கலவை அந்த ரிம்முக்கு உரியது இல்லை. கட்டையை மாற்ற வேண்டியதுதான்.

### எந்தக் கட்டை வாங்குவது?

ரிம் தயாரித்தவர் சொன்ன கட்டைதான் முதல் தேர்வு. இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: வேறு கட்டை போட்டது தெரிந்தால் வாரண்டி கொடுக்க மறுப்பதற்கு அதுவே போதும். ஜிப் ரிம்முக்கு டாஞ்சென்ட் பிளாட்டினம் புரோ ஈவோ. காம்பக்னோலோ போரா ரிம்முக்கு அவர்களுடைய சிவப்புக் கட்டை. ரெனால்ட்ஸுக்கு கிரையோ புளூ. என்வி ரிம்மில் பட்டை சொரசொரப்பாக இருந்தால் அவர்களுடைய சாம்பல் நிறக் கட்டைதான். மற்ற கட்டைகளை அந்தச் சொரசொரப்பு சீக்கிரம் தின்றுவிடும்.

ரிம்மில் பெயரே இல்லை, இல்லையென்றால் கேள்விப்படாத பெயர், விற்றவருக்கும் தெரியவில்லை என்றால்? அப்போது ஸ்விஸ்ஸ்டாப் பிளாக் பிரின்ஸ் வாங்குங்கள். பல கார்பன் ரிம்களில் ஒத்துப்போகிற கட்டை அது, மற்றவற்றைவிடச் சூடும் சத்தமும் குறைவு. அதே கம்பெனியின் மஞ்சள் நிற யெல்லோ கிங்கும் கார்பனுக்கு உரியதுதான், ஆனால் இரண்டும் கிடைத்தால் நான் கறுப்பைத்தான் எடுப்பேன். ஷிமானோ பிரேக் வைத்திருப்பவர்கள் ஷிமானோவின் கார்பன் கட்டையையும் போடலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்55சி4 என்ற பெயரில் அலாய்க்கும் கட்டை வருகிறது, கார்பனுக்கும் வருகிறது. பொட்டலத்தில் கார்பன் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

கட்டை செருகியிருக்கிற உலோகக் கூட்டின் வடிவமும் முக்கியம். ஷிமானோ, ஸ்ராம் பிரேக்குகளுக்கு ஒரே வடிவம். ஸ்விஸ்ஸ்டாப் பொட்டலத்தில் இது ஃபிளாஷ்புரோ என்று இருக்கும். காம்பக்னோலோவுக்கு வேறு வடிவம். கடைக்குப் போகும்போது பழைய கட்டையைப் பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

## அறிகுறி 2: மழையில் லீவரைப் பிடித்தும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது

இது கார்பன் ரிம்மின் குணம். கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும். ஈரத்தில் லீவரைப் பிடித்த உடனே ஒன்றும் நடக்காது. வீல் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு திடீரென்று பிடிக்கும். அந்த இடைவெளியில் பயந்துபோய் இன்னும் அழுத்தினால், பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளும்.

செலவில்லாத வழி: வளைவுக்கு வெகு முன்பே லீவரை லேசாகத் தொட்டுத் தண்ணீரை வழித்துவிடுங்கள், பிறகு அழுத்துங்கள். அப்புறம், வீட்டுக்கு வந்ததும் கட்டையைக் கழுவி, முகத்தில் பதிந்திருக்கும் மணலை ஊசி முனையால் எடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்த இடங்களில் சாலை முழுக்கச் செம்மண் குழம்பாகக் கிடக்கும். அது கட்டையில் ஏறினால் அடுத்த இறக்கத்தில் ரிம்மைச் சுரண்டும்.

இடைவெளி எப்போதும்போல இல்லாமல், மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் ரிம்மில் எண்ணெய் பட்டிருக்கிறது. செயினுக்கு எண்ணெய் அடிக்கும்போது பின் ரிம்மில் தெறித்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கட்டையும் எண்ணெய் குடித்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள்.

நல்ல கட்டை போட்டால் ஈரத்தில் வித்தியாசம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கட்டை போட்டாலும் வழவழப்பான பழைய கார்பன் ரிம் ஈரத்தில் அலாய் ரிம் அளவுக்கு நிற்காது. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், நடுவட்டம் பக்கம் மழை வலுக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். அந்த மாதங்களில் மலை இறங்குவதென்றால் அலாய் வீலை மாட்டுங்கள், கூடவே அலாய்க்கு உரிய கட்டையையும். இதற்கு மெக்கானிக்கும் வேண்டாம், புதுப் பொருளும் வேண்டாம். எத்தனை பேர் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்.

## அறிகுறி 3: கீச்சென்று சத்தம்

கொஞ்சம் சத்தம் கார்பனில் வரும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். முன்பு இல்லாமல் புதிதாக வந்தால் மட்டும் பாருங்கள்.

ரிம்மைத் துடைத்துப் பாருங்கள். போகவில்லையா, கட்டை பளபளக்கிறதா என்று பார்த்து உப்புத்தாளில் தேயுங்கள். அதற்கும் போகவில்லையென்றால் கட்டையின் கோணம். கட்டையின் முன் முனை ரிம்மை முதலில் தொட வேண்டும், பின் முனை அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை விலகி நிற்க வேண்டும். இதற்குச் சுலபமான வழி: கட்டையின் போல்ட்டைத் தளர்த்தி, பின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே போல்ட்டை இறுக்குங்கள். 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போதும். ஷிமானோ காலிப்பரில் இந்த போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர்.

இறுக்கும்போதே உயரத்தையும் பாருங்கள். கட்டையின் மேல் விளிம்பு டயரைத் தொடக் கூடாது, கீழ் விளிம்பு பட்டையை விட்டுக் கீழே இறங்கக் கூடாது. டயரைத் தொட்டால் ஒரே இறக்கத்தில் டயரின் பக்கவாட்டு அறுந்துவிடும்.

## அறிகுறி 4: பிரேக் பிடித்தால் உதறல், லீவரில் துடிப்பு

முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையை ஹெட்செட்டின் (ஹாண்டில் திரும்புகிற இடத்திலுள்ள பேரிங்) மேல் வையுங்கள்.

### அங்கே கடகடவென்று ஆட்டம் தெரிந்தால்

ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. கட்டையை மாற்றி இது போகாது. ஸ்டெம் (ஹாண்டில் பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் மூடியின் போல்ட்டை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஸ்டெம்மை மறுபடி இறுக்குங்கள். ஃபோர்க்கின் குழாயும் கார்பன் என்றால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்; கடைக்குக் கொண்டு போங்கள்.

### ஹெட்செட் கெட்டி, காலிப்பர் மட்டும் அசைகிறது என்றால்

ஃபோர்க்குக்குப் பின்னாலுள்ள காலிப்பர் நட்டு தளர்ந்திருக்கும். இறுக்குங்கள்.

### இரண்டும் கெட்டியாக இருந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் துடித்தால்

துடிப்பு ரிம்மில் இருக்கிறது. வீலைச் சுற்றிவிட்டுக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் பெண்டு. கார்பன் வீலுக்குப் பெண்டு எடுப்பதைத் தெரு முனைக் கடையில் கொடுக்க வேண்டாம். ஸ்போக்கின் இழுவையை மீட்டர் வைத்து அளக்கிறவரிடம் கொடுங்கள். கோவையில் அப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன. இடைவெளி ஒரே மாதிரி இருந்தும் துடித்தால் ரிம்மில் கட்டையின் பிசிறு ஒட்டியிருக்கலாம். துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாவிட்டால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

## அறிகுறி 5: எரிந்த நாற்றம், உருகிய கட்டை, ரிம் தொட முடியாத சூடு

எல்லாவற்றிலும் இதுதான் ஆபத்தானது. கார்பன் ரிம்மில் நார்களைப் பிடித்து வைத்திருப்பது பிசின். ஒரு அளவுக்கு மேல் சூடேறினால் அது இளகும். அலுமினியம் சூட்டை ரிம் முழுக்கப் பரப்பிவிடும்; கார்பனில் அது உரசின இடத்திலேயே தங்கும். இளகின பக்கச் சுவரை டயரின் காற்றழுத்தம் வெளியே தள்ள, ரிம் புடைத்துக்கொள்ளும்.

### இறங்கிக்கொண்டிருக்கும்போது நாற்றம் வந்தால்

அடுத்த அகலமான ஓரத்தில் நிறுத்துங்கள். வளைவில் நிறுத்தாதீர்கள்; மேலேயிருந்து வருகிற பஸ்ஸுக்கு உங்களைத் தெரியாது. ரிம் தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். கை வைத்தால் சாதாரணமாக இருக்கிற வரை காத்திருந்து, விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். புடைப்பு இருந்தால் அங்கேயே பயணம் முடிந்தது. வண்டியை ஜீப்பிலோ பிக்கப்பிலோ ஏற்றி இறக்குங்கள். "பாதி தூரம்தானே, மெதுவா போயிடறேன்" என்பதற்கு நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன். புடைத்த ரிம்மிலிருந்து டயர் கழன்றால் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

### புடைப்பு இல்லை என்றால் காரணங்கள்

முதல் காரணம் பிரேக் பிடிக்கும் விதம். லீவரை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குகிறவர்களுக்குத்தான் அதிகம் இப்படி ஆகிறது. வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் காற்றில் ரிம் ஆறும். குஞ்சப்பனை போன்ற இடங்களில் ஒரு டீக்கு நின்று இறங்குங்கள். உடல் எடை கூடினவர்கள், பையோடு வருகிறவர்கள் கட்டாயம் நிற்க வேண்டும்.

இரண்டாவது காரணம் கட்டை. அலாய்க்கு உரிய கட்டை கார்பனில் கூடுதல் சூட்டைக் கிளப்பும். முகத்தில் உருகின பிசிறு, ஓரத்தில் வழிந்த விளிம்பு தெரிந்தால் தேய்த்து மறுபடி போடாதீர்கள். நான்கையும் மாற்றுங்கள், சூடானது முன் வீல் என்றாலும் நான்கும்.

மூன்றாவது காரணம் காற்றும் டியூபும். ரிம்மில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தம் டயரில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். குறைவானதைத்தான் பின்பற்ற வேண்டும். லேட்டக்ஸ் டியூப் இருந்தால் எடுத்துவிட்டுச் சாதாரண பியூட்டைல் டியூப் போடுங்கள். கார்பன் கிளிஞ்சரில் (டியூபும் டயரும் தனித்தனியாக மாட்டுகிற ரிம்) லேட்டக்ஸ் வேண்டாமென்று பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ட்யூபுலர் டயர் (ரிம்மில் பசை வைத்து ஒட்டுகிற டயர்) என்றால் சூட்டில் பசை இளகியிருக்கலாம். காற்றை இறக்கிவிட்டு டயரைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஓரம் தூக்கிக்கொண்டால் மறுபடி ஒட்டாமல் ஓட்டக் கூடாது.

### கடைக்கு எப்போது?

காற்றை இறக்கி, ரிம்மின் அகலத்தை வெர்னியரால் சுற்றிலும் எட்டு இடங்களில் அளங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அரை மில்லிமீட்டர் கூடினால்கூட நான் அந்த வீலை ஓட்ட விடுவதில்லை. நாணயத்தால் பட்டையைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் கணீரென்று ஒலிக்க, ஓரிடம் மட்டும் மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் தயாரிப்பாளருக்கோ கார்பன் வேலை தெரிந்தவருக்கோ காட்டுங்கள். வீட்டில் எபாக்ஸி ஊற்றி ஒட்டுகிற வேலை பிரேக் பட்டையில் வேண்டவே வேண்டாம்.

## அறிகுறி 6: பட்டையில் கோடு கோடாகக் கீறல்

கட்டையில் அலுமினியத் துகளோ மணலோ இருக்கிறது. அலாய், கார்பன் இரண்டு வீலையும் ஒரே கட்டையில் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு இது நிச்சயம் வரும். இரண்டு செட் கட்டைகளைக் கூடோடு சேர்த்து வாங்கி வைத்து, வீலோடு கூட்டையும் மாற்றுங்கள். போல்ட் ஒன்றுதான், சில நிமிட வேலை.

கீறல் நகத்தில் தட்டாவிட்டால் ஓட்டலாம். நகம் மாட்டினாலோ, கறுப்பு நார் மேலே எழும்பித் தெரிந்தாலோ ஓட்டாமல் காட்டுங்கள்.

## அறிகுறி 7: கட்டை சீக்கிரம் தேய்கிறது அல்லது கூட்டிலிருந்து நழுவுகிறது

கார்பன் கட்டை மென்மையானது, மலையில் சீக்கிரம்தான் தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் காலிப்பர் நடுவில் இல்லை; மேலே உள்ள சின்னத் திருகால் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். முகத்திலுள்ள பள்ளக் கோடுகள் மறைந்தால் கட்டையின் ஆயுள் முடிந்தது.

நழுவுவது அவசரமான விஷயம். கட்டைக் கூட்டின் மூடிய முனை வீல் சுழலும் திசையில் இருக்க வேண்டும். இடது, வலது கூடுகளை மாற்றிப் போட்டால் திறந்த முனை முன்னால் வந்துவிடும். முதல் பலமான பிடியிலேயே கட்டை வெளியே பறந்துவிடும். கூட்டில் இடது, வலது குறி அச்சிட்டிருக்கும், பார்த்து மாட்டுங்கள். கட்டையைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு கழன்று விழுந்திருந்தால் புதுத் திருகு போடாமல் குன்னூரை விட்டு இறங்காதீர்கள்.